நாடகத்தில் லுத்தர் அந்த வசனத்தைச் சொல்லலாமா?

15 அக்டோபர் 2023, காலை (காரைக்கால் வாசகி)

எங்கள் சபையில் வரும் 29ஆம் தேதி, சீர்திருத்த ஞாயிறன்று, பிள்ளைகள் நாடகம் போடுகிறார்கள். போப்பை எதிர்த்துச் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய ஜெர்மன் துறவி மார்ட்டின் லுத்தராக நடிப்பது எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன்தான். கிளைமாக்ஸில், எழுதியதை வாபஸ் வாங்கச் சொல்லும் விசாரணையில், பேரரசர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி, "இதோ நிற்கிறேன், வேறெதுவும் என்னால் ஆகாது" என்று அவன் முழங்க வேண்டும். நேற்று ஒத்திகை பார்த்த ஒருவர், லுத்தர் அப்படிச் சொல்லவே இல்லை என்று குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டார். அந்த வசனம் போனால் நாடகத்தில் என்ன மிச்சம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

15 அக்டோபர், இரவு 9.50 (பழைய கணக்கப்பிள்ளை, கீழே வருவதெல்லாம் இவர்தான்)

சந்தேகம்தான் அம்மா. விசாரணை நடந்த இடத்தில் இருந்து எழுதிவைத்தவர்களின் குறிப்புகளில் அந்த வாக்கியம் இல்லை. அப்புறம் விட்டன்பர்க்கில் அச்சான பிரதியில்தான் அது வருகிறது. "கடவுளே எனக்குத் துணை, ஆமென்" என்ற முடிவு மட்டும் உறுதி.

அதற்காக நாடகம் வெறுமையாகிவிடாது. குறிப்புகளில் இருப்பதே தாராளம். அதன் சாரம்: வேத ஆதாரத்தாலோ தெளிவான நியாயத்தாலோ என் தவறைக் காட்டுங்கள், போப்பும் சபைத் தலைவர்கள் கூடும் சங்கங்களும் சொன்னார்கள் என்பதற்காக மட்டும் நான் ஒப்புக்கொள்ள முடியாது, அவர்கள் பலமுறை தவறியிருக்கிறார்கள், தங்களுக்குள்ளேயே முரண்பட்டிருக்கிறார்கள், என் மனசாட்சி தேவ வார்த்தைக்குள் சிறைப்பட்டிருக்கிறது, மனசாட்சிக்கு விரோதமாக நடப்பது பத்திரமும் அல்ல, சரியும் அல்ல.

அந்தப் "பத்திரமும் அல்ல" என்ற இடம் வரும்போதெல்லாம் எனக்கு வாசிப்பு நின்றுவிடும். ஏற்கெனவே சபையிலிருந்து விலக்கப்பட்ட மனிதர். மறுத்தால் தீ என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்டவர், ஒப்புக்கொள்வதுதான் தனக்கு ஆபத்து என்கிறார்.

இடம் வோர்ம்ஸ், ரைன் நதிக்கரை ஊர். 1521 ஏப்ரல் 18. பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு வயது 20. கேள்வி கேட்டவர் எக். 1519இல் லைப்சிக் விவாதத்தில் லுத்தரை மடக்கினாரே, அதே எக்.

16 அக்டோபர், காலை 6.15

பல் தேய்க்கும்போது உறைத்தது. அதே எக் இல்லை! லைப்சிக்கில் வாதாடியவர் யோகான் எக், இறையியல் பேராசிரியர். வோர்ம்ஸில் கேட்டவர் யோகான் ஃபான் டெர் எக்கன், ட்ரியர் பேராயரின் அதிகாரி. முப்பது வருடம் ஞாயிறு பள்ளியில் இரண்டு பேரையும் ஒரே ஆளாக வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளைகளில் சிலருக்கு இப்போது பேரப்பிள்ளைகளே இருக்கிறார்கள். இனி யாரிடம் போய்த் திருத்துவது?

சார்லஸ் பிறந்தது 1500 பிப்ரவரி 24. அப்படியென்றால் 21 முடிந்துவிட்டது. லுத்தருக்கு 37.

17 அக்டோபர்

லுத்தரை விசாரித்த பேரரசின் மன்றக் கூட்டத்தை இங்கிலீஷ் மீடியம் புத்தகத்தில் "டயட் ஆஃப் வோர்ம்ஸ்" என்று போட்டிருப்பார்கள். என் தங்கை மகன் சின்ன வயதில் கேட்டான்: "மாமா, அவரைப் புழு தின்னச் சொன்னார்களா?" அப்படிக் கேட்டிருந்தால் ஒருவேளை ஒப்புக்கொண்டிருப்பார்.

20 அக்டோபர், இரவு

நாடகத்தில் விசாரணையின் முதல் நாள் காட்சி உண்டா? எங்கள் சபையிலும் எந்த வருடமும் அதை யாரும் போட்டதில்லை. எனக்கு அதுதான் பிடித்த இடம் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

லுத்தர் வோர்ம்ஸ் வந்து சேர்ந்தது ஏப்ரல் 16. மறுநாள் சாயங்காலம் கூப்பிட்டார்கள். தெருவில் கூட்டம் தாங்கவில்லை. தோட்டத்து வழியாக, பின்பக்கச் சந்துகளில் அழைத்துப்போனார்கள். அவரைப் பார்க்க ஜனம் கூரைமேல் ஏறி நின்றது. உள்ளே போனால் அவர் எழுதிய புத்தகங்கள் குவித்து வைக்கப்பட்டிருக்கின்றன. கேள்வி இரண்டுதான். இவை உன்னுடையவையா? இவற்றில் எழுதியதை வாபஸ் வாங்குகிறாயா?

லுத்தர் வாயைத் திறக்கும் முன்னால் ஒரு குரல்: "புத்தகங்களின் தலைப்புகளை வாசியுங்கள்!" அது ஹிரோனிமஸ் ஷூர்ஃப், அவருக்குத் துணையாக வந்த சட்ட வல்லுநர். வக்கீல் வக்கீல்தான். வேறு யாருடைய புத்தகமாவது குவியலில் கலந்திருந்தால்? வாசித்தார்கள். எல்லாம் என்னுடையவைதான் என்றார் லுத்தர்.

இரண்டாவது கேள்விக்கு வீர வசனம் எதுவும் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்கே சரியாகக் கேட்காத மெல்லிய குரலில், யோசிக்க அவகாசம் வேண்டும் என்றார். இத்தனை தூரம் வந்தவனுக்கு இன்னும் யோசிக்க என்ன இருக்கிறது என்று எரிச்சல்பட்டாலும் ஒரு நாள் கொடுத்தார்கள்.

பயமா, தந்திரமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்றவனுக்கு அந்தச் சண்டை வேடிக்கையாக இருக்கும். இரண்டும்தான். வாய் உலரும்போதே மூளை கணக்குப் போடும்.

எனக்கும் ஒருமுறை ஒரு நாள் அவகாசம் கேட்க வேண்டி வந்தது. நூற்பாலையில். அது வேறு கதை.

21 அக்டோபர்

தாடி வேண்டாம் அம்மா, ஒத்திகைப் படத்தில் பையனுக்கு ஒட்டியிருக்கிறீர்களே. வோர்ம்ஸில் அவர் இன்னும் துறவி. உச்சி மழித்த தலை, துறவியின் அங்கி. ஆளும் அப்போது மெலிவு. லைப்சிக்கில் பார்த்த ஒருவர், எலும்பை எண்ணிவிடலாம் என்ற அளவுக்கு எழுதியிருக்கிறார். தாடி விட்டது அதற்கப்புறம், வார்ட்பர்க் கோட்டையில் வேறு பெயரில் ஒளிந்திருந்தபோது. குண்டு முகமும் தொப்பியும் உள்ள படம் பிற்காலத்தது.

சுவரொட்டிக்கு இணையத்தில் படம் எடுக்கும்போதும் பார்த்து எடுங்கள். ஒரு வருடம் எங்கள் வாலிபர் சங்கத்தார் மார்ட்டின் லூதர் கிங் படத்தைப் போட்டு அச்சடித்துவிட்டார்கள். எங்கள் போதகர் ஐயர் பீடத்தில் ஏறி, கிங்கின் அப்பா 1934இல் ஜெர்மனி போய்வந்த பிறகுதான் அந்தப் பெயரை வைத்துக்கொண்டார், ஆகையால் படத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று சமாளித்தார். நல்ல ஐயர்.

24 அக்டோபர், விஜயதசமி

நூற்பாலைக் கதையை இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. கணக்குப் பிரிவில் இருந்தேன். பேங்குக்கு மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் போகும். குடோனில் பஞ்சு பேல் 412. டைப் அடித்து என் முன்னால் வைத்த தாளில் 650. "நேரில் எண்ணிச் சரிபார்த்தேன்" என்ற வரிக்குக் கீழே என் பெயர். மேனேஜர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். நாளைக்குச் சொல்கிறேன் சார் என்றேன். அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. அவ்வளவுதான்.

29 அக்டோபர், மாலை

மழையில் பந்தல் சாய்ந்து நாடகம் தள்ளிப்போய்விட்டதாக வாசகி எழுதியிருக்கிறார். சீர்திருத்த ஞாயிறை ஏன்தான் வடகிழக்குப் பருவமழையில் கொண்டுவந்து வைத்தார்களோ. 1517இல் தன் எதிர்ப்பை வெளியிட அக்டோபர் 31ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்த லுத்தருக்கு நம் ஊர்ப் பருவம் தெரியவில்லை.

4 நவம்பர், இரவு 11

நேரம் கிடைத்துவிட்டதால் இரண்டாம் நாளையும் சொல்கிறேன்.

இன்னும் பெரிய மண்டபம். காக்க வைத்துக் காக்க வைத்து இருட்டிவிட்டது, தீவட்டி ஏற்றிவிட்டார்கள். புழுக்கம். லுத்தருக்கு வேர்த்துக் கொட்டுகிறது. இந்த முறை குரல் கேட்கிறது. புத்தகங்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார். சில, விரோதிகளே நல்லது என்று ஒப்புக்கொண்ட பக்தி நூல்கள். சில, போப்பின் ஆட்சியைத் தாக்கியவை. சில, தனி மனிதர்களைத் தாக்கியவை. இவற்றில் வரம்பு மீறிக் கடுமையாக எழுதிவிட்டேன் என்று தானே சொல்கிறார். ஆனால் வாபஸ் இல்லை. சுற்றி வளைக்காமல் கொம்பில்லாத பதிலாகச் சொல் என்றார் எக்கன். கொம்பும் இல்லாமல் பல்லும் இல்லாமல் சொல்கிறேன் என்றுதான் நான் முதலில் எழுதிய அந்தப் பதிலைச் சொன்னார். ஜெர்மனிலும் லத்தீனிலும்.

இதில் எல்லோரும் விட்டுவிடும் ஒரு ஆள் சார்லஸ். 21 வயதுப் பையன், ஜெர்மன் சரியாக வராது. மறுநாள் தன் பதிலைத் தானே பிரெஞ்சில் எழுதி வாசிக்க வைத்தான். நான் ஜெர்மானியப் பேரரசர்கள், ஸ்பெயின் அரசர்கள், ஆஸ்திரிய, பர்கண்டி பிரபுக்களின் வழியில் வந்தவன். அவர்கள் எல்லோரும் சாகும்வரை சபைக்கு உண்மையாக இருந்தவர்கள். ஆயிரம் வருடக் கிறிஸ்தவத்துக்கு எதிராக ஒற்றைத் துறவி நின்றால் தவறு அந்தத் துறவியிடம்தான். சின்ன வயதில் இதை வில்லன் வசனமாக வாசித்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கு அங்கே தன் விசுவாசத்தில் நின்றவர்கள் இரண்டு பேர்.

அவன் கொடுத்த வாக்கையும் காப்பாற்றினான். போய்வரப் பாதுகாப்பு தருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தான். ஏப்ரல் 26 அன்று லுத்தர் ஊரை விட்டு உயிரோடு கிளம்பினார். அதன் அருமை தெரிய வேண்டுமானால் நூறு வருடம் பின்னால் போக வேண்டும். யான் ஹுஸ், பிராகாவின் போதகர். சிகிஸ்மண்ட் அரசர் தந்த பாதுகாப்புச் சீட்டை நம்பி 1414 நவம்பரில் கான்ஸ்டன்ஸ் ஊரில் கூடிய சபைச் சங்கத்துக்கு வந்தார். அந்த மாதமே பிடித்து அடைத்தார்கள். 1415 ஜூலை 6 அன்று, பேய்ப்படம் வரைந்த காகிதத் தொப்பியைத் தலையில் மாட்டிக் கொளுத்தினார்கள். சாம்பலையும் ரைனில் கொட்டினார்கள், யாரும் நினைவுப்பொருளாக எடுத்துப்போகக் கூடாதாம்.

ஹுஸ் ஏன் பணியவில்லை என்பதை நம் நாடகங்கள் மாற்றிவிடுகின்றன. அவர்மேல் சாட்டிய பல கருத்துகள் அவர் போதிக்காதவை. அவற்றைக் கைவிடுகிறேன் என்று சொன்னால், ஒரு காலத்தில் வைத்திருந்தேன் என்று பொய்ச் சத்தியம் செய்ததாகும் என்றார். ஒரு வரி சொன்னால் உயிர் மிஞ்சும். வெறும் சம்பிரதாயமான வரி.

இதை எழுதிவிட்டு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

10 நவம்பர்

இன்று லுத்தரின் பிறந்தநாள் (1483). ஆக்ஸ்பர்க்கில் கூடிய பேரரசின் மன்றம் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். வோர்ம்ஸுக்கு ஒன்பது வருடம் கழித்து நடந்தது. லுத்தர் அங்கே இல்லை. பேரரசின் தடை இருந்ததால் கோபர்க் கோட்டையில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். இந்த முறை நின்றவர்கள் லுத்தர் பக்கத்துச் சிற்றரசர்களும் நகரப் பிரதிநிதிகளும்.

1530 ஜூன் 25. லுத்தரின் தோழர் மெலாங்க்தன் எழுதிய விசுவாச அறிக்கை, 28 பிரிவுகள். கூட்டம் கேட்டுவிடக் கூடாது என்று ஆயர் மாளிகையின் சின்ன அறையில் வைத்தார்கள். லத்தீனில் வாசியுங்கள் என்றார் சார்லஸ். ஜெர்மன் மண்ணில் நிற்கிறோம், ஜெர்மனில்தான் என்றார் சாக்சனி இளவரசர் யோகான். கிறிஸ்டியன் பையர் என்ற அதிகாரி சுமார் இரண்டு மணி நேரம் வாசித்தார். முற்றத்தில் நின்ற ஜனத்துக்கும் சொல் சொல்லாகக் கேட்கிற மாதிரி வாசித்தாராம். பேரரசர் நடுவில் தூங்கிவிட்டதாகவும் சொல்வார்கள். ஜூன் வெயில், புரியாத மொழி, இரண்டு மணி நேரம். பாவம், எங்கள் சபையின் வருடாந்தர வரவுசெலவு வாசிப்பில் நானே தூங்கியிருக்கிறேன். அதை எழுதியதும் நான்தான்.

எனக்குப் பிடித்தது பத்து நாள் முன்னால் நடந்தது. நற்கருணைப் பவனியில் எல்லோரும் வர வேண்டும், ஊரில் உங்கள் போதகர்கள் பிரசங்கிக்கக் கூடாது என்றார் சார்லஸ். பிராண்டன்பர்க் சிற்றரசர் கெயோர்க், தேவ வார்த்தையை விடுவதைவிட இங்கேயே முழங்கால் போட்டுத் தலையைக் கொடுத்துவிடுவேன் என்று கழுத்தைக் காட்டினார். பேரரசர் பதறிப்போய், தெரிந்த அரைகுறை ஜெர்மனில், "தலை வேண்டாம், தலை வேண்டாம்" என்றார்.

நாடகம் போட வேண்டிய காட்சி அதுதான்.

12 நவம்பர், தீபாவளி, பின்னிரவு

வெடிச்சத்தத்தில் தூக்கம் இல்லை. 24ஆம் தேதிக் குறிப்பைத் திருத்த வேண்டும்.

"அவ்வளவுதான்" என்று முடித்திருந்தேன். அதைப் படித்தவர்கள் நான் மறுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டீர்கள். "உங்களைப் போன்றவர்கள் இப்போது எங்கே" என்று ஒருவர் எழுதியதையும் நான் மறுக்கவில்லை. மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போனேன். கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் மிரட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். பெரிய பெண்ணுக்கு அந்த வருடம் கல்லூரிச் சேர்க்கை. அந்த ஒரு நாளில் நான் போட்ட கணக்கு அதுதான். பேங்கிலிருந்து யாரும் வந்து எண்ணவும் இல்லை. அடுத்த மாதம் நாளைக்குச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. பேனா என்னுடையதாகவே இருந்தது.

எண்ணாததை எண்ணினேன் என்று எழுதிக் கொடுத்தவன் நான். போதிக்காததைப் போதித்தேன் என்று சொல்ல மறுத்தவரைப் பற்றி 4ஆம் தேதி அவ்வளவு எழுதியது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

லுத்தரும் எப்போதும் சரியான பக்கத்தில் நின்றவர் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆதாரமும் இருக்கிறது. குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்தவர்களை வாளால் தண்டிக்கலாமா என்று 1531இல் மெலாங்க்தன் ஒரு கருத்துரை எழுதினார். அதன் அடியில் லுத்தர், கொடுமையாகத் தெரிந்தாலும் எனக்குச் சம்மதம் என்று தன் பெயரைப் போட்டார். பத்து வருடத்துக்கு முன்னால் மனசாட்சி என்று சொன்ன அதே கை. ஆனால் என் விஷயத்துக்கு அது உதவாது.

13 நவம்பர்

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. கேட்டதால் சொல்கிறேன்: பெண் நன்றாக இருக்கிறாள். மில் மூடிவிட்டது, என் கையெழுத்தால் இல்லை.

19 நவம்பர்

காரைக்கால் வாசகிக்கு: பையனைத் தரங்கம்பாடிக்கு ஒருநாள் கூட்டிப்போங்கள், பக்கம்தானே. எல்லோரும் கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த டேனிஷ் கோட்டைக்கு உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். லுத்தரன் மிஷனரி சீகன்பால்கை அடைத்து வைத்த இடம். டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக் அனுப்பி 1706 ஜூலையில் வந்தவர். அதே அரசரின் கொடியின் கீழ் இருந்த தளபதி ஹாசியஸ், 1708 கடைசியில் அவரைப் பிடித்துச் சுமார் நான்கு மாதம் உள்ளே போட்டார். டேனிஷ் கம்பெனியின் வியாபாரத்துக்கு இந்த மனிதர் தொல்லை. ஏழைகளுக்காகப் பேச வருகிறார், தமிழர்களோடு உட்கார்ந்து பழகுகிறார். அரசரின் ஆணை கையில் இருந்தும் அரசரின் சிறையில் இருக்க வேண்டி வந்தது.

பிடிபடுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் புதிய ஏற்பாட்டைத் தமிழில் எழுத ஆரம்பித்திருந்தார். 1711இல் முடித்து, 1715இல் அச்சாகி வந்தது. லுத்தரும் வோர்ம்ஸிலிருந்து திரும்பிக் கோட்டையில் ஒளிந்திருந்தபோதுதான் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் எழுதினார், சுமார் 11 வாரத்தில். இவரும் லுத்தரன்தானே, அந்தக் கதை தெரியாமலா இருந்திருக்கும்?

26 நவம்பர், இரவு

நாடகம் நடந்துவிட்டது! வாசகி வீடியோ அனுப்பியிருந்தார். மூன்று தடவை பார்த்தேன்.

முதல் நாள் காட்சியைச் சேர்த்துவிட்டார்கள். பையனுக்குத் தாடி இல்லை. மேசைமேல் புத்தகக் குவியல். எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகம் மேலாகவே தெரிகிறது, அதைத்தான் ஷூர்ஃப் கவனித்திருக்க வேண்டும். இரண்டாவது கேள்வி வந்ததும் பையன் தலையைக் குனிந்து, சொல்லிக் கொடுத்தபடி மெல்லிய குரலில், "யோசிக்க அவகாசம் வேண்டும்" என்கிறான். பின்வரிசையிலிருந்து ஒரு ஆச்சி: "மைக்கை வாய்கிட்ட வை ராசா, ஒண்ணும் கேக்கல!" அவன் மைக்கைப் பிடித்து, அவகாசம் வேண்டும் என்று மண்டபம் அதிரக் கத்துகிறான்.

அந்த 24 மணி நேரத்துக்கு டீ இடைவேளை விட்டிருக்கிறார்கள். கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. பேரரசர் கிரீடத்தை நாற்காலியில் கழற்றி வைத்துவிட்டு லுத்தரோடு பிஸ்கட் தின்கிறார். யாரோ கிரீடத்தின்மேல் உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டாம் நாள் விசாரணை முழுவதும் பேரரசர் நசுங்கிய கிரீடத்தோடு.

கடைசியில் பையன் "கடவுளே எனக்குத் துணை, ஆமென்" என்றதும் சபை முழுக்க "ஆமென்" என்று பதில் வருகிறது. அது ஒத்திகையில் இல்லையாம்.

27 நவம்பர்

வாசகிக்குப் புதுப் பிரச்சினை. "இதோ நிற்கிறேன்" வசனத்தை யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று சபைக் கமிட்டியில் ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டாராம். அடுத்த கூட்டத்தில் விளக்கம் சொல்ல வேண்டுமாம். என்ன சொல்வது ஐயா என்று கேட்டிருக்கிறார்.

ஒரு நாள் அவகாசம் கேளுங்கள் அம்மா.